லினக்ஸ் பணிச்சூழல்களில் திரையிடச் சிக்கனம்

திரையிடச் சிக்கனம் என்பது, கணினித் திரையில் பட்டைகள், பலகங்கள், சாளர விளிம்புகள் முதலியன எடுத்துக்கொள்ளும் பங்கைக் குறைத்து, பயனர் படிக்கும் அல்லது எழுதும் உள்ளடக்கத்துக்குக் கூடிய இடத்தை ஒதுக்கும் இடைமுக வடிவமைப்பு முறையாகும். லினக்ஸ் இயங்குதளத்தில் இது தனி முக்கியத்துவம் பெறுகின்றது. விண்டோஸ், மாக் ஓஎஸ் ஆகியவற்றில் பணிச்சூழல் இயங்குதளத்துடன் பிணைந்தே வருகின்றது. லினக்ஸிலோ அது விரும்பியபடி மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு தனி மென்பொருள் தொகுதியாகும். ஆகவே ஒரே கணினியில், ஒரே கோப்புகளை வைத்துக்கொண்டு, முற்றிலும் வேறுபட்ட பல திரையமைப்புகளை மாறிமாறிப் பயன்படுத்த முடியும்.

திரையிடச் சிக்கனமும் கவனச்சிதறலைக் குறைத்தலும் ஒன்றெனவே பெரும்பாலும் பேசப்படுகின்றன. இவை தொடர்புடையன எனினும் ஒன்றல்ல. மேலும், இடத்தை மிச்சப்படுத்தும் ஒவ்வொரு முறையும் வேறொன்றை விலையாகக் கேட்கின்றது. கண்ணுக்குத் தெரிந்த ஒரு பொத்தான் மறைந்துவிட்டால், அது செய்துவந்த வேலையைப் பயனரின் நினைவு ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். பணிச்சூழலைத் தெரிவு செய்வோர் முதலில் கவனிக்க வேண்டியது இவ்விலையையே.

திரையிடம் செலவாகும் விதம்

கணினித் திரையில் அருமையானது அகலமன்று, உயரமே. எழுத்து மேலிருந்து கீழாகப் படிக்கப்படுகின்றது. ஆனால் பலகம், தலைப்புப்பட்டை, பட்டிகள், கருவிப்பட்டை, கீற்றுகள், நிலைப்பட்டை ஆகிய அனைத்தும் கிடைமட்டமாகவே அமைந்து உயரத்தையே உண்கின்றன.

2000களின் இறுதியில் பரவலாக இருந்த சிறு மடிக்கணினிகளின் திரை 1024×600 படவணுக்களைக் கொண்டது. அக்காலத்தில் பல லினக்ஸ் வழங்கல்களுடன் வந்த குனோம் 2 பணிச்சூழலில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரு பலகங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 24 படவணு உயரமெனக் கொண்டால் 48 ஆகின்றது. இதனுடன் உலாவியின் தலைப்புப்பட்டை, பட்டிகள், முகவரிப்பட்டை, கீற்றுகள், நிலைப்பட்டை ஆகிய ஐந்தையும் ஒன்றுக்கு 28 வீதம் சேர்த்தால் மேலும் 140. ஆக 600 வரிசைகளில் 188 வரிசைகள், அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பக்கத்தின் முதல் எழுத்துத் தெரிவதற்கு முன்பே செலவாகிவிடும். இது தோராயக் கணக்கே எனினும் அக்காலப் பயனர்களின் குறையை நன்கு விளக்குகின்றது.

திரைகளின் விகித மாற்றமும் இச்சிக்கலைக் கூட்டியது. 2008ஆம் ஆண்டையொட்டி மடிக்கணினித் திரைகள் 16:10 விகிதத்திலிருந்து 16:9 விகிதத்துக்கு மாறத் தொடங்கின. 1280×800 திரையின் இடத்தை 1366×768 பிடித்தது. மொத்தப் படவணுக்கள் சற்றுக் கூடினாலும் வரிசைகள் 32 குறைந்தன. 2020ஐ அடுத்த ஆண்டுகளில் 16:10 மீண்டும் பல மடிக்கணினிகளில் இடம்பெற்றுள்ளது.

இன்றைய திரைகளில் இச்சிக்கல் தீர்ந்துவிட்டது எனக் கருதுவது சரியன்று. 14 அங்குலத் திரையில் 1920×1080 படவணுக்கள் இருந்தால் எழுத்துக்கள் மிகச் சிறியனவாகத் தெரியும். ஆகவே பலர் 150 விழுக்காடு உருப்பெருக்கம் வைத்துக்கொள்கின்றனர். அப்போது பயனுக்குக் கிடைக்கும் இடம் 1280×720 அளவினதே. பழைய 1280×800 மடிக்கணினியை விட இது 80 வரிசைகள் குறைவு. எழுத்துக்கள் கூர்மையாகத் தெரியுமேயன்றி, ஒரே நேரத்தில் தெரியும் வரிகளின் எண்ணிக்கை கூடுவதில்லை.

வரலாறு

இவ்வளவு பணிச்சூழல்கள் தோன்றக் காரணம் எக்ஸ் சாளர முறைமையின் அமைப்பாகும். 1984இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கப்பட்டு, 1987இல் எக்ஸ்11 என்னும் பதிப்பை எட்டிய இம்முறைமை, திரையில் வரைவதற்கான வழிகளை மட்டுமே தருகின்றது. சாளரங்கள் எங்கே நிற்க வேண்டும், அவற்றுக்கு விளிம்பு வேண்டுமா என்பனவற்றைச் சாளர மேலாளர் என்னும் வேறொரு நிரலிடம் விட்டுவிடுகின்றது. அந்நிரலை எவரும் எழுதலாம், எவரும் மாற்றலாம்.

சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், தரையில் கல் பதித்ததுபோல் பக்கம் பக்கமாக நிற்கும் முறை புதியதன்று. 1981இல் வெளிவந்த செராக்ஸ் ஸ்டார் கணினியிலும் 1985இல் வெளிவந்த விண்டோஸ் 1.0 பதிப்பிலும் பயன்பாட்டுச் சாளரங்கள் அவ்வாறே அமைந்தன. பின்னர் மேசையில் தாள்களைப் பரப்பியதுபோல் ஒன்றையொன்று மறைக்கும் சாளரங்களே வழக்காயின. 1996இல் தொடங்கிய கேடிஈ, எக்ஸ்எஃப்சிஈ ஆகியனவும் 1997இல் தொடங்கிய குனோமும் இவ்வழக்கையே பின்பற்றின.

2000ஆம் ஆண்டையொட்டி ஒரு மறுப்பு இயக்கம் போன்று சில சிறு சாளர மேலாளர்கள் தோன்றின. ஷான் பெட்ஸ் எழுதிய ராட்பாய்சன் அவற்றுள் ஒன்று. பெயருக்கு எலிப்பாடாணம் என்பது பொருள். இங்கு எலி என்பது கணினிச் சுட்டியையே குறிக்கின்றது. தலைப்புப்பட்டையோ, சாளர விளிம்போ, பலகமோ இல்லாமல், முழுத்திரையையும் ஒரே நிரலுக்குத் தரும் இது, முனையத்தில் இயங்கும் குனூ ஸ்கிரீன் என்னும் நிரலை முன்மாதிரியாகக் கொண்டது. தொடர்ந்து டூமோ வால்கோனனின் அயான், 2006இல் டிடபிள்யூஎம், 2007இல் எக்ஸ்மோனாட், ஆசம், 2009இல் மைக்கேல் ஸ்டாப்பெல்பெர்க்கின் ஐ3 ஆகியன வெளிவந்தன. இவை டைலிங் சாளர மேலாளர்கள் எனப்படுகின்றன.

இன்னொரு கிளை சிறு மடிக்கணினிகளிலிருந்து வந்தது. 2007 அக்டோபரில் வெளிவந்த அசுஸ் ஈ பிசி 701 கணினியின் திரை 7 அங்குலமே; 800×480 படவணுக்கள். சான்ட்ரோஸ் லினக்ஸுடன் விற்கப்பட்ட இதன் முகப்பில் பெரிய படவுருக்களும் கீற்றுகளும் இருந்தன. அதே காலத்தில், வளரும் நாடுகளின் சிறுவர்க்கென உருவாக்கப்பட்ட எக்ஸ்ஓ-1 மடிக்கணினியின் சுகர் இடைமுகத்தில் ஒவ்வொரு செயலும் முழுத்திரையில் திறந்தது. சுட்டியைத் திரையின் மூலைக்குக் கொண்டுசென்றால் சட்டகம் தோன்றியது. 2008இல் கனோனிக்கல் நிறுவனம் உபுண்டுவின் சிறுகணினிப் பதிப்பை அறிமுகப்படுத்தியது. அதிலிருந்த மாக்சிமஸ் என்னும் சிறு நிரல், திறக்கும் சாளரம் ஒவ்வொன்றையும் முழு அளவாக்கித் தலைப்புப்பட்டையை நீக்கிவிடும்.

யூனிட்டியும் குனோம் 3உம்

சிறு திரைக்கெனப் பிறந்த வடிவமைப்பைப் பெருந்திரைக்குக் கொண்டுசென்றால் என்ன நேரும் என்பதற்கு யூனிட்டி நல்ல எடுத்துக்காட்டு. 2010 அக்டோபரில் உபுண்டு 10.10இன் சிறுகணினிப் பதிப்பில் வெளிவந்த இது, 2011 ஏப்ரலில் 11.04 பதிப்பு முதல் எல்லா மேசைக்கணினிகளுக்கும் இயல்புச் சூழலாக்கப்பட்டது. உயரத்தை மிச்சப்படுத்த இதில் மூன்று உத்திகள் கையாளப்பட்டன. நிரல் ஏவி திரையின் இடப்பக்கத்தில் செங்குத்தாக வைக்கப்பட்டது. நிரல்களின் பட்டிகள் மேற்பலகத்துக்குள் கொண்டுசெல்லப்பட்டன. சாளரம் முழு அளவாகும்போது அதன் தலைப்பும் பொத்தான்களும் அதே பலகத்துடன் இணைந்தன. இதனால் மூன்று பட்டைகளின் வேலையை ஒரே பட்டை செய்தது. சிறு திரையில் இது மிகவும் பயனுள்ள ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

24 அங்குலத் திரையில் நிலை வேறாயிற்று. திரையின் கீழ்மூலையில் உள்ள சிறு சாளரத்தின் பட்டியைத் திறக்கச் சுட்டியை மேல்விளிம்பு வரை கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. மேலும், சுட்டி பலகத்தைத் தொடும் வரை பட்டிகள் மறைந்தே இருந்ததால், புதியவர்களுக்கு அவை இருப்பதே தெரியவில்லை. 2014இல் 14.04 பதிப்பில் பட்டிகளைச் சாளரத்தின் தலைப்புப்பட்டையிலேயே காட்டும் தெரிவு சேர்க்கப்பட்டது. 2017 ஏப்ரலில் யூனிட்டியைக் கைவிடுவதாகக் கனோனிக்கல் அறிவித்தது. 17.10 பதிப்பு முதல் உபுண்டு குனோமுக்குத் திரும்பியது.

2011 ஏப்ரலில் வெளிவந்த குனோம் 3உம் இதே திசையில் சென்றது. கீழ்ப்பலகம் நீக்கப்பட்டது. சாளரத்தைச் சிறிதாக்கும், பெரிதாக்கும் பொத்தான்களும் இயல்பு அமைப்பிலிருந்து மறைந்தன. இதை ஏற்காதோர் குனோம் 2இன் நிரலிலிருந்து மேட் என்னும் பணிச்சூழலைக் கிளைக்கச் செய்தனர். 2013இல் தலைப்புப்பட்டையையும் கருவிப்பட்டையையும் ஒன்றாக்கும் தலைமைப்பட்டை குனோமில் அறிமுகமாயிற்று. இரு பட்டைகளுக்கு ஒன்று என்பது ஆதாயமே. ஆயினும் அந்த ஒன்று பழைய தலைப்புப்பட்டையை விடத் தடித்தது. குனோமின் சொந்த நிரல்களைப் பயன்படுத்துவோருக்கே இவ்வாதாயம் முழுமையாகக் கிட்டும் என்பது குறிப்பிடத்தக்கது.

வழக்கமான பணிச்சூழலைச் சுருக்குதல்

புதிதாக எதையும் கற்காமல் இடம் பெற விரும்புவோருக்கு எக்ஸ்எஃப்சிஈ மிகவும் ஏற்றது. 2012இல் வெளிவந்த 4.10 பதிப்பு முதல் இதன் பலகத்தைத் திரையின் பக்கவாட்டில், எழுத்துக்கள் நேராகத் தெரியும்படி செங்குத்தாக நிறுத்த முடிகின்றது. 2015இன் 4.12 பதிப்பு முதல் முழு அளவாக்கிய சாளரங்களின் தலைப்புப்பட்டையை மறைக்கலாம். இவ்விரண்டையும் செய்தால் மேலும் கீழும் எதுவுமின்றி, திரையின் முழு உயரமும் நிரலுக்குக் கிடைக்கும். கேடிஈயின் பிளாஸ்மாவிலும் பலகத்தைப் பக்கவாட்டுக்கு மாற்றலாம், பட்டிகளை ஒரே இடத்தில் காட்டலாம். முழு அளவுச் சாளரங்களின் தலைப்பை மறைக்க மட்டும் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும்.

பலகம் தானாக மறையும்படி அமைத்துக்கொள்வதே பலர் முதலில் செய்வது. இதைப் பரிந்துரைப்பதற்கில்லை. உலாவியின் கீற்றுகளை நோக்கியோ, பக்கத்தின் அடிப்பகுதியை நோக்கியோ சுட்டி செல்லும்போதெல்லாம் பலகம் துள்ளி எழுந்து மறைக்கின்றது. அசைவற்று நிற்கும் பட்டையைக் கண் விரைவில் மறந்துவிடும். திடீரெனத் தோன்றுவதை அவ்வாறு மறக்க இயலாது.

டைலிங் சாளர மேலாளர்கள்

இவ்வகையில் சாளரங்களை இழுத்து வைப்பதும் அளவு மாற்றுவதும் பயனரின் வேலையன்று. முதல் நிரல் முழுத்திரையையும் பெறுகின்றது. இரண்டாவது திறந்தால் திரை இரண்டாகப் பிரிகின்றது. டிடபிள்யூஎம் நிரலில் ஒரு முதன்மைச் சாளரம் இடப்பக்கத்தையும், ஏனையவை வலப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகவும் நிற்கும். ஐ3இல் பிரிப்பது எத்திசையில் என்பதைப் பயனரே தீர்மானிக்கின்றார். சாளரங்கள் ஒரு மரவமைப்பில் வைக்கப்படுகின்றன. இரண்டிலும் எண் விசைகளால் அழைக்கத்தக்க பல பணிவெளிகள் உண்டு. கட்டுரையை முதலாவதிலும் உலாவியை இரண்டாவதிலும் அஞ்சலை மூன்றாவதிலும் வைத்துக்கொண்டு, ஒரு விசைத் தட்டலில் மாறலாம்.

டிடபிள்யூஎம் நிரலின் மூலவரிகள் 2000ஐத் தாண்டக்கூடாது என்பது அதன் ஆக்குநர்களின் கொள்கை. அமைப்புகளை மாற்ற வேண்டுமாயின் சி மொழித் தலைப்புக் கோப்பைத் திருத்தி, நிரலை மீண்டும் தொகுக்க வேண்டும். ஐ3 எளிய உரைக்கோப்பைப் படிக்கின்றது. திறந்துள்ள சாளரங்களை மூடாமலேயே புதிய அமைப்பை ஏற்கின்றது. முதன்முறை இயங்கும்போது சூப்பர், ஆல்ட் ஆகிய இரண்டில் எவ்விசை கட்டளை விசையாக வேண்டும் எனக் கேட்டு ஒரு தொடக்க அமைப்பையும் எழுதித் தருகின்றது. மாணவர்கள் தொடங்குவதற்கு ஐ3ஏ பொருத்தமானது எனலாம். ஆயினும் அதன் தொடக்க அமைப்பில் ஒவ்வொரு சாளரத்துக்கும் தலைப்புப்பட்டை உண்டு. விளிம்பை ஒரு படவணுக் கோடாக்கும் வரியைச் சேர்த்தால்தான் அது மறையும். கட்டளை விசையை அழுத்தியிருக்கும் போது மட்டும் பட்டையைக் காட்டும் வசதியும் இதில் உண்டு. சுட்டியின் அசைவுக்குத் துள்ளாததால் இது மேற்கூறிய தானியங்கி மறைப்பை விடச் சிறந்தது.

சிறு திரைக்கு டைலிங் முறையே மருந்து என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது பாதி உண்மையே. 1366 படவணு அகலத்தை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் 683 கிடைக்கும். பல இணையத்தளங்கள் அவ்வகலத்தில் கைப்பேசிக்கான தோற்றத்துக்கு மாறிவிடுகின்றன. விரிதாளின் நிரல்கள் பல வெளியே போய்விடுகின்றன. பக்கம் பக்கமாக வைக்கும் முறை அகன்ற திரையிலேயே முழுப்பயன் தரும். சிறு திரையில் இம்மேலாளர்களின் பயன் அவற்றின் முழுத்திரை முறையில் உள்ளது. டிடபிள்யூஎம் நிரலில் ஆல்ட் விசையுடன் எம், ஐ3இல் கட்டளை விசையுடன் டபிள்யூ ஆகியன சாளரங்களை ஒரே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக, பின்னதில் கீற்றுகளாக, அடுக்கிவிடும்.

வேலாண்ட் நெறிமுறையில் சாளர மேலாளர் தனி நிரலாக இருப்பதில்லை. திரையைத் தொகுக்கும் நிரலே அவ்வேலையையும் செய்கின்றது. ஆகவே எக்ஸ்எஃப்சிஈயின் பலகத்துடன் ஐ3ஐ இணைப்பது போன்ற பழைய கலவைகள் அங்கு எளிதில் செல்லா. ஐ3இன் அமைப்புக் கோப்பையே பயன்படுத்தக்கூடிய ஸ்வே வேலாண்டுக்கென எழுதப்பட்டது. அதன் 1.0 பதிப்பு 2019இல் வெளிவந்தது. குனோம் 49இல் (2025) எக்ஸ்11 அமர்வு இயல்பாகவே முடக்கப்பட்டுள்ளதால், புதிதாகக் கற்பவர் ஸ்வேயில் தொடங்குவதும் பொருந்தும். பிளாஸ்மா 5.27 (2023) முதல் சாளரங்களைப் பகுதிகளில் பொருத்தும் வசதி கேடிஈயிலேயே உள்ளது.

கவனச்சிதறல்

பட்டைகளை நீக்குவதால் மட்டும் கவனம் கூடிவிடுவதில்லை. முழுத்திரையில் தெரியும் ஓர் அரட்டை நிரல், பத்துப் பொத்தான்களை விடக் கூடுதலாகக் கவனத்தைக் கவரும். அறிவிப்புகளை நிறுத்துவதே முதற்படியாகும். பிளாஸ்மாவில் 5.16 பதிப்பு (2019) முதலும் குனோமில் 3.36 பதிப்பு (2020) முதலும் தொந்தரவு செய்யாதே என்னும் ஆளி உள்ளது. டிடபிள்யூஎம், ஐ3 ஆகியவற்றில் அறிவிப்பைக் காட்டும் நிரலே சேர்ந்து வருவதில்லை. டன்ஸ்ட் போன்ற ஒன்றை நிறுவாதவரை எதுவும் எட்டிப்பார்க்காது. மின்கலம் தீரப்போகின்றது என்னும் எச்சரிக்கையும் அவ்வாறே வராது என்பதை மறத்தலாகாது.

இச்சாளர மேலாளர்களே ஒரு கவனச்சிதறல் என்ற குறையும் கூறப்படுவதுண்டு. அமைப்புக் கோப்பைச் செப்பனிடுதல், வண்ணங்களைத் தெரிதல், பிறருடைய திரைகளைப் பார்த்து மாற்றுதல் என இதற்கு முடிவேயில்லை. இக்குறையில் நியாயம் உண்டு.

தெரிவு செய்தல்

முதலில் உருப்பெருக்கத்தைக் கணக்கிட்டு, பயனுக்குக் கிடைக்கும் வரிசைகள் எத்தனை எனக் காண வேண்டும். 1000க்கு மேல் இருப்பின் பட்டைகள் பெருந்தடையல்ல. அறிவிப்புகளை நிறுத்துவதும் பணிவெளிகளைப் பழகுவதுமே போதுமானது. 800க்குக் குறைவாயின் பலகத்தைப் பக்கவாட்டுக்கு மாற்றித் தலைப்புப்பட்டையை மறைப்பது உடனடிப் பயன் தரும். நாள் முழுவதும் எழுத்தும் நிரலாக்கமுமே வேலையாக உள்ளோர், விசைகளைப் பழகுவதற்குச் சில வாரங்கள் ஒதுக்க முடியுமாயின், டைலிங் மேலாளர் ஒன்றுக்குச் செல்லலாம்.

கணினியை வீட்டில் பலர் பகிர்ந்துகொள்வதாயின் டிடபிள்யூஎம் போன்ற வெற்றுத்திரை பிறரைத் திகைக்க வைக்கும். ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு அமைத்தால், அவரவர் அமர்வை நுழைவுத் திரையில் தெரிந்துகொள்ளலாம். ஒலியளவு விசைகள், கம்பியில்லா வலையமைப்பு, திரைப்பூட்டு, ஒளிப்படக்காட்டியை இணைத்தல் ஆகியவற்றை முழுமையான பணிச்சூழல்கள் தாமே கவனித்துக்கொள்கின்றன. தனிச் சாளர மேலாளர்களில் இவற்றைப் பயனரே அமைக்க வேண்டும். வகுப்பில் படக்காட்சி நடத்தும் நாளுக்கு முன்பே அதைச் சோதித்துக்கொள்வது நன்று. மணிக்கட்டு வலியால் சுட்டியைத் தவிர்க்க வேண்டியோருக்கு விசைவழி இயக்கம் பெருந்துணையாகும். பார்வையற்றோர் பயன்படுத்தும் ஓர்கா திரைபடிப்பிக்குக் குனோம், மேட் ஆகியவற்றிலேயே நல்ல ஆதரவு உள்ளது.

டெபியன், உபுண்டு, பெடோரா முதலிய வழங்கல்களில் ஐ3, ஸ்வே, எக்ஸ்எஃப்சிஈ ஆகியவற்றை ஏற்கனவே உள்ள சூழலை நீக்காமலேயே நிறுவலாம். பிடிக்காவிடில் வெளியேறிப் பழைய அமர்வுக்குத் திரும்பினால் போதும்.

தமிழில் பயன்படுத்தும்போது

தமிழ் இடைமுகத்தில் பட்டிகளின் பெயர்கள் ஆங்கிலத்தை விடப் பொதுவாக நீளமானவை. கிடைமட்டப் பலகத்தில் நிரல்களின் பெயர்கள் வெட்டுப்பட்டுத் தெரிவதை இதனால் காணலாம். செங்குத்துப் பலகத்தை அகலமாக வைத்துக்கொண்டால் இது தீரும்.

டிடபிள்யூஎம் நிரல் தன் பட்டையிலுள்ள எழுத்துக்களை எக்ஸ்எஃப்டி என்னும் நூலகத்தால் வரைகின்றது. இந்நூலகம் எழுத்துருக்களை இணைத்து ஒழுங்குபடுத்துவதில்லை. எனவே உயிர்மெய்யெழுத்துக்களில் கொம்பு இடம் மாறி நிற்கும். சாளரத்தின் தலைப்பு தமிழாயின் படிக்கக் கடினமாகும். சாளரத்தின் உள்ளே உள்ள உரைக்கு இச்சிக்கல் இல்லை. ஐ3, ஸ்வே ஆகியன பாங்கோ நூலகத்தைப் பயன்படுத்துவதால் தலைப்பிலும் தமிழ் சரியாகத் தெரிகின்றது.

குறுக்குவிசைகளிலும் கவனம் தேவை. தமிழ்99 விசைப்பலகையைக் கணினியின் விசைத்தளவமைப்பாகவே மாற்றிக்கொள்வோர் தமிழ் நிலையில் இருக்கும்போது, ஆங்கில எழுத்தின் பெயரால் அமைத்த குறுக்குவிசைகள் சில மேலாளர்களில் வேலை செய்யாமல் போகலாம். விசையின் பெயருக்குப் பதிலாக அதன் எண்ணைக் கொண்டு குறுக்குவிசை அமைக்கும் வழி ஐ3இல் உள்ளது. பெயரை எண்ணாக மாற்றி நினைவில் வைத்துக்கொள்ளும் தெரிவு ஸ்வேயில் உள்ளது. ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறைவழித் தட்டச்சு செய்வோரின் விசைத்தளவமைப்பு ஆங்கிலமாகவே இருப்பதால், அவர்கள் பெரும்பாலும் இச்சிக்கலைச் சந்திப்பதில்லை.